இடது இடுப்பு

என் வலது காலை என்னால் அசைக்க முடியாது. ஆனால் அதற்கு எல்லாம் தெரியும். எறும்பு கடித்தால் தெரியும். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி தெரியும். இளம்பிள்ளை வாதம் அப்படித்தான்; சதையை எடுத்துக்கொண்டு உணர்ச்சியை விட்டுவிட்டுப் போகும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அந்த உள்ளங்காலில் இன்னொரு சின்னப் பாதம் வந்து முட்டுவதும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது முட்டும். சில நாள் அடுப்படியில் நிற்கும்போது முட்டும். நரம்புக் கோளாறு என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். நரம்புக்கு ஐந்து விரல் இருக்குமா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன். வாயாடி என்று எனக்கு நல்ல பெயர் உண்டு.

அது என் தம்பியின் கால். தம்பி என்பது ஒரு பேச்சுக்குத்தான். எனக்குப் பின்னாலேயே பிறந்தவன், இரட்டை. அம்மா எங்கள் இரண்டு பேரையும் இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு சிதம்பரம் கடைத்தெருவில் நடப்பாளாம். நான் வலது இடுப்பு, அவன் இடது இடுப்பு. இடுப்பில் உட்காரும் பிள்ளைக்கு ஒரு கால் அம்மாவின் முதுகுப் பக்கம் தொங்கும், ஒரு கால் வயிற்றுப் பக்கம் தொங்கும். எனக்கு வலது கால் முன்னால், அவனுக்கு இடது கால் முன்னால். அவள் வயிற்றுக்கு மேலே இரண்டு பாதமும் முட்டிக்கொள்ளும். உதைத்துக்கொண்டே போவோமாம். அந்த வயதில் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு நினைவில்லை, காலுக்கு இருக்கிறது. அதற்கு மேல் நான் சாதிக்கப் போவதில்லை.

எங்களுக்கு இரண்டு வயதாகும்போது இருவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. அவன் போய்விட்டான், என் கால் போய்விட்டது. எங்கள் வீட்டில் இதைப் பற்றிச் சொன்ன வார்த்தை இவ்வளவுதான். எப்படிப் போனான் என்று கேட்டால் அப்பா சைக்கிள் கடையைத் திறக்கக் கிளம்பிவிடுவார். அம்மா அரிசி களையப் போய்விடுவாள். அவன் எப்படி இருப்பான் என்று கேட்டால் மட்டும் ஒரு பதில் வரும். கண்ணாடியைப் பார்த்துக்கொள் என்பார்கள். இரண்டு பேரும் ஒரே அச்சு.

ஆறு வயது வரைக்கும் நான் அம்மாவின் வலது இடுப்பில்தான் இருந்தேன். ஊரில் எல்லாப் பெண்களும் பிள்ளையை இடது இடுப்பில் வைப்பார்கள், வலது கை வேலைக்கு வேண்டுமே. என் அம்மா வலது கையால் என்னைப் பிடித்துக்கொண்டு இடது கையால் குழம்பைக் கிண்டுவாள், இடது கையால் கடைக்காரனிடம் காசை நீட்டித் திட்டு வாங்குவாள். வேலை இல்லாத நேரத்தில் அந்த இடது கை கீழே தொங்காது. முழங்கை மடங்கி, உள்ளங்கை மேலே பார்த்தபடி, இடுப்பை ஒட்டியே நிற்கும். அம்மாக்களின் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். விவரம் தெரிந்த பிறகு எரிச்சலாக வந்தது. செத்துப்போனவனுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், உயிரோடு இருக்கிற எனக்கு அந்தப் பக்கம் கிடையாது. ஒருநாள் அவள் தோள் வழியாகத் தாவி அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். முதுகில் ஓர் அடி வைத்தாள்.

இன்னொன்றும் உண்டு. இடுப்பில் இருக்கும்போது நான் கண்ணயரக் கூடாது. தலை லேசாக அவள் தோளில் சாய்ந்தால் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். அழுதால் சமாதானமாகிவிடுவாள். பெற்றவளா இவள் என்று எனக்குள் கறுவிக்கொள்வேன்.

அறுபதுகளின் நடுவில் அம்மா மறுபடி உண்டானாள். அதற்கு முன்னால் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. லேடி டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து நேராகச் சொல்லிவிட்டார். இந்தப் பெண்ணை இடுப்பில் தூக்குவதை நிறுத்தாவிட்டால் இந்தக் குழந்தையும் தங்காது, கர்ப்பப்பை ஏற்கெனவே இறங்கியிருக்கிறது என்றார். ஆக, ஒரு பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் இன்னொரு பிள்ளை நடக்க வேண்டும். அந்த இன்னொரு பிள்ளை நான். கடலூரில் செம்மண்டலத்தில் கால் கைக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கிற ஓர் இடம் இருக்கிறது என்று அவரே வழியும் சொன்னார்.

செம்மண்டலத்துக்குப் போக சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டும். அங்கே அம்மா ஓரிடத்தில் நிற்க மாட்டாள். என்னையும் வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். மாசமாக இருக்கிறவள், உட்காரும்மா என்று யாராவது இடம் விட்டாலும் உட்கார மாட்டாள். பஸ் ஏறிய பிறகுதான் மூச்சு விடுவாள்.

அந்த இடம் ஒரு வாடகை வீடு. வாசலில் வேப்பமரம், உள்ளே ஒரு நீளமான கூடம். நடை பழக இரண்டு நீளக் கம்பிகள், கோரைப் பாய்கள், சின்னதும் பெரியதுமாக மணல் பைகள், உத்தரத்தில் கிணற்றுக் கப்பி ஒன்று. கப்பியில் கயிறு ஓடும். கை தூக்க வராதவர்கள் ஒரு நுனியை நல்ல கையால் இழுத்தால் மறு நுனியில் கட்டிய கை மேலே போகும். வலிக்கிற மூட்டில் ஊற்றிச் சூடு கொடுக்க ஸ்டவ்வில் மெழுகு உருகிக்கொண்டே இருக்கும். கோடிச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. அங்கே வேலை பார்த்த அம்மாளை எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார். மெட்ராஸில் இதற்கென்றே படித்து வந்தவர், தனி ஆள், நல்ல உயரம்.

அங்கே எந்தப் பெண்ணும் தன் உடம்புக்கென்று வர மாட்டாள். பிள்ளைக்குக் கால் வளைந்திருக்கிறது, மாமியாருக்கு முட்டி வலி, இப்படி ஏதாவது ஒரு சாக்கோடுதான் வருவாள். பிள்ளைக்கு எல்லாம் முடிந்து, கிளம்பும்போது வாசற்படியில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டரம்மா, எனக்கும் கொஞ்சம் அடி தள்றாப்புல இருக்குது" என்பாள். கர்ப்பப்பை இறங்குவதற்கு எங்கள் பக்கம் அதுதான் பேச்சு. இருமினால் புடவை நனைகிறது என்பாள். அதனால் டாக்டரம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் பிள்ளையோடு வந்தாலும் முதலில் தாயை நடக்கச் சொல்லிப் பார்ப்பார். கதவைச் சாத்திவிட்டுப் பெண்களை வரிசையாகப் பாயில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, மூத்திரத்தை அடக்குகிற மாதிரி அடக்குங்கள், விடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பார். இதை நின்றுகொண்டும் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸுக்குச் சும்மா நிற்கிற பெண்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

முதல் நாள் அம்மாவையும் அப்படித்தான் நடக்கச் சொன்னார். என்னைப் பாயில் உட்காரவைத்துவிட்டு அம்மா கூடத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னொரு பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"இல்லிங்க டாக்டரம்மா. இது ஒண்ணுதான்."

"இல்ல, நடையப் பாத்தா ரெண்டு பக்கமும் பிள்ள தூக்குற மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன்."

அம்மா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கு என் காலைவிட அம்மாவின் இடுப்புதான் கவலையாக இருந்தது. இவள் நடக்கிற வரைக்கும் கொஞ்சமாவது தூக்கத்தான் வேண்டியிருக்கும், அப்போது இடுப்பை மாற்றி மாற்றி வையுங்கள், ஒரே பக்கம் பாரம் ஏறினால் முதுகு தாங்காது, வயிற்றுக்கும் நல்லதில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அம்மா சரிங்க என்பாள். வாசலைத் தாண்டியதும் நான் வலது இடுப்பில் இருப்பேன். பழைய டவுனிலிருந்து தோள் பிடிப்புக்காக வருகிற ஒரு முஸ்லிம் அம்மா இதையெல்லாம் கப்பிக் கயிற்றை இழுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். புருஷன் பினாங்கில். "துஆ கேக்கக் கையத் தூக்குனா ஒரு கை மேல போவுது, ஒரு கை பாதியில நிக்குது. அல்லா என்னா நெனைப்பான் சொல்லு" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார். அம்மாவிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அவுங்க சொல்றத ஒரு தடவ கேட்டுத்தான் பாரேன். ஒனக்கு வலி ஜாஸ்தியாத்தான ஆவுது" என்பார். அம்மா அதற்கும் சரிக்கா என்பாள்.

என் கால் நல்லபடியாக வர வேண்டும் என்று வைத்தீசுவரன் கோயிலில் எனக்கு மொட்டை போட்டார்கள். அடுத்த முறை செம்மண்டலத்துக்கு நான் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் போனேன். அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழக்கினார்கள். நின்றேன், விழுந்தேன், மறுபடி நின்றேன். முடிந்தபோது உடம்பில் தெம்பே இல்லை. அம்மா என்னைத் தூக்க வந்தாள். டாக்டரம்மாவுக்கு அன்று பொறுமை போய்விட்டது போலிருக்கிறது.

"இப்ப என் கண்ணு முன்னாடி மாத்தி வைங்க பாப்போம்" என்று சொல்லி, அம்மா மறுப்பதற்குள் என்னைத் தூக்கி அவளது இடது இடுப்பில் உட்காரவைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினார். "பாருங்க, எவ்ளோ நேரா நிக்கிறீங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இடம் அவ்வளவு சௌகரியமாக இருந்தது. மடங்கியே கிடந்த அந்தக் கையில் நான் சரியாக உட்கார்ந்தேன். தூக்கம் கண்ணைச் சுற்றியது. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணைத் திறப்பதற்குள் என்னைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள், தொடையைப் பிய்த்தாள். "கண்ணத் தொற! ஏய், கண்ணத் தொறடா! தொறடா!" என்று கத்தினாள். என்னை அவள் டா போட்டுக் கூப்பிட்டதே இல்லை. நான் வீறிட்டு அழுதேன். அழுத பிறகுதான் உலுக்குவதை நிறுத்தினாள். அப்போதும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். மொட்டைத் தலையோடு ஒரு பையன் அவள் இடது இடுப்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். நான்தான் அது என்று எனக்கே தெரிய ஒரு கணம் ஆயிற்று. பயத்தில் என் அழுகை நின்றுபோனது. அழுகை நின்றதும் அம்மா மறுபடி உலுக்க ஆரம்பித்தாள்.

பழைய டவுன் அம்மா தன் வெள்ளைத் துப்பட்டியை உருவி, வலி இல்லாத கையால் கண்ணாடிமேல் வீசினார். அது பாதிக் கண்ணாடியை மூடியது. டாக்டரம்மா என்னை வாங்கிக்கொண்டார். அம்மா தரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், பாயிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். ரெண்டுத்துக்கும் காச்சல், கடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போலாம்னு. அவுங்க பஸ்ஸு எப்போன்னு கேக்கப் போயிருந்தாங்க. இவ ஒரே அழுவ. அவன் சிணுங்கிக்கிட்டே இருந்தான். அப்பறம் சத்தத்தக் காணும். தோள்ல தலைய சாச்சிக்கிட்டான். தூங்கிட்டான், காச்சல் விட்டுருச்சின்னு நெனச்சேன். சந்தோசப்பட்டேன் டாக்டரம்மா. இவ அழுது அவன எழுப்பிடப் போறாளேன்னு இவ வாயப் பொத்துனேன். பஸ்ஸு வர்ற வரைக்கும் ஆட்டிக்கிட்டே நின்னேன்."

பாயிலிருந்து ஒரு கோரையை நகத்தால் உருவி எடுத்தாள்.

"அந்த இடுப்புல வச்சா புள்ள தூங்கிடுதுங்க. அதான் இவள அந்தப் பக்கம் வக்கிறதில்ல."

அன்றைக்கு எனக்கு ஆறு வயது. புரிய வேண்டியது புரிந்தது. அவள் அந்த இடத்தை அவனுக்காகப் பிடித்து வைக்கவில்லை, என்னைக் காப்பாற்ற ஒதுக்கி வைத்திருந்தாள். கிள்ளியதெல்லாம் நான் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கு. நான் அழுதுகொண்டே அவளிடம் தவழ்ந்து போனேன். அவள் என்னை மடியில் போடவில்லை; பக்கத்தில் உட்காரவைத்துக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு மூச்சு விடுகிற சதைக்கே வாதம் வந்துவிடும், எந்த இடுப்பில் வைத்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. அம்மா கேட்டுக்கொண்டு சரிங்க என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே சரிங்க. டாக்டரம்மாவுக்கும் அது தெரிந்தது. அதற்குப் பிறகு இடுப்பை மாற்றச் சொல்லி அவர் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு ஒரு திரை தைத்துப் போட்டார், நாங்கள் வருகிற நாளில் அது மூடியே இருக்கும். மூடிய கண்ணாடி எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. திரைக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்றே நினைத்தேன். கம்பியைப் பிடித்து அந்தப் பக்கம் நடந்து போகும்போது என் வலது பாதத்தில் வந்து முட்டுவான். திரும்பி இந்தப் பக்கம் வரும்போது முட்ட மாட்டான்.

ஆனால் அந்தப் பயம்தான் என்னை நடக்க வைத்தது என்று சொல்ல வேண்டும். கம்பியின் அந்தக் கோடியில் நிற்கப் பிடிக்காமல் வேகமாகத் திரும்பி வருவேன். மெட்ராஸிலிருந்து காலிப்பர் வந்தது. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், முட்டிக்குத் தோல், கீழே கனமான பூட்ஸ். இரும்பு உரசுகிற இடத்தில் அப்பா பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். நடந்தால் டக், டக் என்று தெருவுக்கே கேட்கும். மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டேன். அம்மாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் உயிர். சமையலறையில் இருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். நான் எங்கேயாவது நின்றுவிட்டால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அதனால் நிற்கும்போதும் பூட்ஸைத் தரையில் தட்டிக்கொண்டே நிற்பேன்.

இடுப்பிலிருந்து நான் இறங்கிவிட்டேன். வயிற்றில் இருந்தது தங்கியது. தங்கை பிறந்தாள், நல்ல கனம், நல்ல குரல். அம்மா அவளையும் வலது இடுப்பில்தான் வைத்தாள். அந்தப் பக்கம் வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். இடது கை மடங்கியே இருந்தது.

மறு வருஷம் ஆனி மாதம். எனக்குக் காலிப்பர் சிறியதாகிவிட்டது, சரிசெய்து வாங்க மூன்று பேரும் செம்மண்டலத்துக்குக் கிளம்பினோம். திருமஞ்சனக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் அம்மா வழக்கம்போல நடந்துகொண்டே இருந்தாள், நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே டக், டக் என்று போனேன். ஒரு பஸ் உள்ளே திரும்பியது. இடம் பிடிக்க ஓடியவர்களில் ஒரு தடியன் என் மேல் மோதினான். விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் முட்டிக்கு மேலே வார் அறுந்து காலிப்பர் பூட்ஸோடு கழன்று தனியாகக் கிடந்தது.

சத்தம் நின்றதும் அம்மா திரும்பிப் பார்த்தாள். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. யாரோ ஒருவர், குடும்மா, பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பஸ் ஸ்டாண்டில் அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். வலது இடுப்பில் தங்கை. அம்மா தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குந்தி உட்கார்ந்து, "வா" என்றாள்.

காலிப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் ஏறிக்கொண்டேன். அவள் எங்கள் இரண்டு பேரோடும் எழுந்தாள்.

"பேசு" என்றாள்.

"என்னா பேசறது?"

"எதாவது பேசு. வாய மூடாத."

பேசினேன். செம்மண்டலம் வேண்டாம், வீட்டுக்குத்தான் போகிறோம் என்று அவள் திரும்பி நடந்தாள். நான் மோதிய தடியனைத் திட்டினேன். கடை போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாய்ப்பாடு சொன்னேன். டாக்டரம்மா போல நிமிர்ந்துகொண்டு பேசிக் காட்டினேன், பழைய டவுன் அம்மா போல, அல்லா என்னா நெனைப்பான் சொல்லு என்றேன். மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நிறுத்தினால் அவள் விரல் என் தொடையில் இறுகும். உடனே ஆரம்பிப்பேன். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எனக்கு நல்ல கால் முன்னால் வந்துவிடுகிறது. கீழவீதி திரும்பும்போது தங்கையின் பாதம் வந்து அதில் முட்டியது. அதையும் சொன்னேன்.

"அம்மா, பாப்பா என் கால ஒதைக்கிறா."

"அவனும் அப்பிடித்தான் ஒதைப்பான்" என்றாள் அம்மா. அவனைப் பற்றி அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல். "நீ பேசு."

முதுகுப் பக்கம் தொங்கிய என் வலது காலில், காலிப்பர் இல்லாத வெறும் பாதத்தில், அப்போதும் ஒன்று வந்து முட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை மட்டும் நான் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபோது சொன்னதையே திரும்பச் சொன்னேன். தொண்டை வறண்டு குரல் கம்மிவிட்டது. வழியில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டால் என்னை இறக்கிவிடுவாள் என்று கேட்கவில்லை.